தன்னையே நம்பாத பாடல்: ரேடியோஹெட்டின் ‘கிரீப்’

1992 செப்டம்பர் 21 அன்று இங்கிலாந்தில் வெளிவந்த ‘கிரீப்’ என்ற தனிப்பாடல் ஏறத்தாழ ஆறாயிரம் பிரதிகள்தான் விற்றது. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் அதற்குக் கிடைத்த இடம் 78. பாட்டு அளவுக்கு மீறிச் சோர்வூட்டுகிறது என்று பி.பி.சி.யின் ரேடியோ 1 அதை ஒதுக்கியது. மறு ஆண்டு செப்டம்பரில் அதே ஒலிப்பதிவு அதே நாட்டில் மீண்டும் வெளியிடப்பட்டு 7ஆம் இடத்துக்கு ஏறியது. இடையில் பாடலில் ஒரு சுரம்கூட மாறவில்லை. மாறியது என்ன?

வழக்கமான இரண்டு விடைகள்

முதல் விடை எளிமையானது. தன்னைத் தகுதியற்றவனாக, எங்கும் பொருந்தாதவனாக உணரும் ஒருவனின் புலம்பல் அது; அந்த உணர்வு எல்லா இளைஞருக்கும் உண்டு; ஆகவே எல்லாருக்கும் பிடித்தது. பாடலை நேசிப்பவர்கள் பெரும்பாலும் இதையே சொல்கிறார்கள். உணர்வு பொது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பொதுவான உணர்வு 1992இலும் பொதுவாகத்தான் இருந்திருக்கும். தன்னிரக்கம் பாடிய ராக் பாடல்கள் அந்த ஆண்டுகளில் மலிந்து கிடந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் பெயர்கூட இன்று நினைவில் இல்லை.

இரண்டாம் விடை வரலாற்றை அழைக்கிறது. அமெரிக்காவின் நிர்வாணா குழு 1991 செப்டம்பரில் வெளியிட்ட ‘நெவர்மைண்ட்’ தொகுப்பு, 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ தொகுப்பை அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது. தோற்றவனின் குரலுக்குச் சந்தை திறந்தது. அந்த அலையில் ‘கிரீப்’பும் மிதந்தது என்பார்கள். அமெரிக்க வெற்றிக்கு இது ஓரளவு பொருந்தும். பிரிட்டனின் முதல் தோல்விக்குப் பொருந்தவே பொருந்தாது. நிர்வாணா ரெடிங் இசைவிழாவின் தலைமைக் குழுவாக மேடையேறியது 1992 ஆகஸ்ட் 30 அன்று. ‘கிரீப்’ கடைக்கு வந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. அலை ஏற்கெனவே கரையில் அடித்துக்கொண்டிருந்த வேளையில்தான் இந்தப் படகு கவிழ்ந்தது.

ஆகவே கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. இதுபோன்ற நூறு புலம்பல்களிலிருந்து இந்தப் பாடலை வேறுபடுத்துவது எது? அந்த வேறுபாடு யாருடைய காதில், எந்த வழியாக விழுந்தது?

எக்ஸெட்டரும் சிப்பிங் நார்ட்டனும்

ரேடியோஹெட்டின் ஐவரும் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள அபிங்டன் பள்ளியில் படித்தவர்கள். 1985இல் ‘ஆன் எ ஃப்ரைடே’ என்ற பெயரில் தொடங்கி, 1991இல் இ.எம்.ஐ. நிறுவனத்தோடு ஒப்பந்தமானபின் பெயரை மாற்றிக்கொண்டார்கள். பாடகர் தாம் யார்க் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த எண்பதுகளின் பிற்பகுதியில் ‘கிரீப்’பை எழுதினார். அருவருப்பூட்டும் ஆள் என்பதே தலைப்பின் பொருள். பாடுபவன் தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும் வசை அது.

1992இல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் ஷான் ஸ்லேட், பால் கோல்டரி இருவரும் சிப்பிங் நார்ட்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் இக்குழுவோடு வேறு இரண்டு பாடல்களைப் பதிவுசெய்ய முயன்றுகொண்டிருந்தார்கள். வேலை நகரவில்லை. ஒத்திகையின்போது குழுவினர் ‘கிரீப்’பை வாசித்துக் காட்டியிருந்தார்கள், அதைத் ‘தங்கள் ஸ்காட் வாக்கர் பாட்டு’ என்று யார்க் குறிப்பிட்டார். அறுபதுகளில் நாடகத்தனமான ஆழ்ந்த குரலால் புகழ்பெற்ற பாடகர் ஸ்காட் வாக்கர். அவரை யார்க் போற்றினார் என்பதற்கு மேல் அந்தப் பேச்சில் ஒன்றுமில்லை. தயாரிப்பாளர்களோ அதை உண்மையிலேயே வாக்கரின் பாட்டு என்று எடுத்துக்கொண்டு, இவர்களிடம் உள்ள ஒரே நல்ல பாட்டும் இரவல் சரக்காகிவிட்டதே என்று வருந்தினார்கள். பிறகு, கூடத்தில் நிலவிய இறுக்கம் தளரட்டும் என்று அதை ஒருமுறை வாசிக்கச் சொன்னார்கள். ஒரே மூச்சில் பதிவானது. முடிந்ததும் கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பாட்டு சொந்தச் சரக்குதான் என்று யார்க் உறுதி சொன்னபிறகே இ.எம்.ஐ.க்குச் செய்தி போனது.

சொந்தச் சரக்கு என்பதிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. ஆல்பர்ட் ஹாமண்டும் மைக் ஹேசில்வுட்டும் எழுதி, 1974இல் தி ஹாலீஸ் குழுவால் புகழ்பெற்ற ‘தி ஏர் தட் ஐ ப்ரீத்’ பாடலோடு ‘கிரீப்’புக்கு இருந்த ஒற்றுமை பிறகு சுட்டிக்காட்டப்பட்டது. ரேடியோஹெட் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. அவ்விருவரின் பெயரும் இயற்றியோர் பட்டியலில் சேர்ந்தது. குழுவினர் நேர்மையாக இருந்ததால் சிறு பங்கோடு விஷயம் முடிந்தது என்று ஹாமண்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2018இல் பாடகி லானா டெல் ரே தம்முடைய ‘கெட் ஃப்ரீ’ பாடலின் முழு உரிமையையும் ரேடியோஹெட் தரப்பு கேட்பதாகப் பொதுவில் குற்றஞ்சாட்டியபோது, வழக்கு எதுவும் தொடரவில்லை என்று பதிப்புரிமை நிறுவனம் மறுத்தது; ஆனால் ‘கிரீப்’ இயற்றியோருக்கு அதில் பங்கு கேட்பதை ஒப்புக்கொண்டது. கடன் வாங்கிய பாட்டு கடன்காரனாகவும் மாறியதைக் கண்டு சிரித்தவர்கள் பலர்.

ஏறி இறங்கும் தைவதம்

இயற்றுமுறையின் எளிமை வியப்பூட்டும். ஜி மேஜர், பி மேஜர், சி மேஜர், சி மைனர் என்ற நான்கு கார்டுகள் (ஒருங்கே ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) இதே வரிசையில் தொடக்கம் முதல் முடிவு வரை சுழல்கின்றன. மேற்கத்திய வெகுஜனப் பாடல்களில் பல்லவிக்கு ஒரு சுழற்சி, சரணத்துக்கு ஒன்று, நடுப்பகுதிக்கு வேறொன்று என்று மாற்றுவது வழக்கம். இங்கே அந்த விடுதலை கிடையாது. குரல் முணுமுணுத்தாலும் அலறினாலும் அடியில் ஓடுவது ஒரே சக்கரம்.

அந்தச் சக்கரத்துக்குள் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. ஜி சுரத்தைச் சட்ஜமமாக வைத்துக் கேட்டால், முதல் கார்டில் பஞ்சமம் இருக்கிறது. இரண்டாவதில் அது அரைச் சுரம் ஏறிச் சுத்த தைவதமாகிறது. மூன்றாவதில் இன்னும் அரைச் சுரம் ஏறிச் சதுஸ்ருதி தைவதமாகிறது. நான்காவதில் மறுபடி சுத்த தைவதத்துக்குச் சரிந்து, சுழற்சி திரும்பும்போது பஞ்சமத்தில் விழுகிறது. இரண்டு படி ஏறி, இரண்டு படி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வரும் இந்த ஓட்டத்தைக் கேட்பவர் தனியாகக் கவனிப்பதில்லை. மேஜர் கார்டு மைனராகக் கறுக்கும் நான்காம் இடத்தில் நெஞ்சு கனப்பதை மட்டும் உணர்கிறார். இசைக் கோட்பாட்டாளர் கை கபுசோ 2004இல் ‘மியூசிக் தியரி ஸ்பெக்ட்ரம்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரையில் இந்தச் சுழற்சியை ஆராய்ந்து, பாடலின் பித்துப்பிடித்த மனநிலையை அது இசையில் தீட்டுகிறது என்று வாதிட்டார்.

கபுசோவின் வாசிப்பு சரியானதே; ஆனால் போதாது. இதே மைனர் சரிவு மேற்சொன்ன ஹாலீஸ் பாடலிலும் உண்டு. அங்கே அது காதலில் நிறைந்தவனின் பெருமூச்சாக ஒலிக்கிறது. அருவருப்போ தன்வெறுப்போ துளியும் இல்லை. ஒரே கார்டுகள் ஒரு பாட்டில் நிறைவையும் இன்னொன்றில் வெறுமையையும் தருமானால், வேறுபாட்டை வேறிடத்தில் தேட வேண்டும்.

கிடாரின் குறுக்கீடு

தேட வேண்டிய இடம், பல்லவிக்குச் சற்று முன்னால் வரும் அந்தக் கரகரத்த வெட்டொலி. மெல்லிய சோகப் பாட்டு ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது யாரோ இயந்திரத்தைப் பற்றவைக்க முயல்வதுபோல், தந்திகளை அழுத்திப் பிடித்தபடியே அறையும் ஒலி. வாசித்தவர் குழுவின் கிடாரிஸ்ட் ஜானி கிரீன்வுட். பாட்டு அமைதியாகவே போய்க்கொண்டிருந்தது தமக்குப் பிடிக்கவில்லை, அதனால் கிடாரை ஓங்கி அடித்தேன் என்பதே அவர் தந்த விளக்கம். சக கிடாரிஸ்ட் எட் ஓ’பிரையன் இன்னும் பச்சையாகச் சொன்னார்: ஜானி பாட்டைக் கெடுக்கப் பார்த்தான், அதுவே பாட்டை ஆக்கியது.

இந்தக் கதை இசை இதழ்களில் சுவையான துணுக்காகவே இடம்பெறுகிறது. அதைச் சான்றாக எடுத்துக்கொண்டால் பாடலின் பொருளே மாறிவிடும். பாடுபவன் தன்னை இழிவாகச் சொல்லிக்கொள்கிறான். கேட்பவர் இரங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறான். அந்த இரக்கம் சுரக்கும் தறுவாயில், அதே குழுவின் இன்னொரு உறுப்பினர் பொறுமை இழந்து குறுக்கே பாய்கிறார். தன்னிரக்கத்தின் மீதான எரிச்சல் அந்தப் பாட்டுக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. குரல் அழுகிறது, கிடார் அந்த அழுகையை நம்ப மறுக்கிறது. பிறகு இரண்டும் சேர்ந்தே வெடிப்பதால், பல்லவியில் ஒலிப்பது சோகமா கோபமா என்று பிரித்தறிய முடியாமல் போகிறது.

பாடலின் வரிகளை மட்டும் தாளில் எழுதிப் படித்துப் பார்த்தவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான். அங்கே இருப்பது பதினெட்டு வயது நாட்குறிப்பின் தரம்; அதற்குமேல் சொல்வது மிகை. யார்க் பின்னாளில் எழுதிய வரிகளோடு ஒப்பிட்டால் குறை இன்னும் துலங்கும்.

இரங்கத்தக்கவனா, அஞ்சத்தக்கவனா?

சொல்லின் எளிமையை மீறி ஒரு சிக்கலும் அங்கே உண்டு. பாடலில் ஓர் ஆண் ஒரு பெண்ணைத் தொலைவிலிருந்து பார்க்கிறான். அவளை வானத்தில் வைக்கிறான். தன்னை மண்ணில் புதைக்கிறான். தான் இல்லாதபோது அவள் அதை உணர வேண்டும் என்று விரும்புகிறான். கடைசியில் அவள் விலகி ஓடுகிறாள். பார்வைக்கு ஆளான பெண்ணின் இடத்திலிருந்து கேட்டால் இது ஏக்கமாக ஒலிக்க வேண்டிய அவசியமில்லை. யார்க் சில நாள் பின்தொடர்ந்த ஒரு பெண்ணே பாடலுக்குத் தூண்டுதல் என்றும், பின்னர் அவரே குழுவின் நிகழ்ச்சி ஒன்றுக்கு எதிர்பாராமல் வந்தார் என்றும் ஜானி கிரீன்வுட் கூறியிருக்கிறார்.

யார்க் இதை அறியாதவர் அல்லர். தொண்ணூறுகளில் ஆணாக இருப்பதே தமக்குச் சிக்கலாக இருக்கிறது, பெண்களிடம் மனச்சாட்சியோடு நடக்க விரும்பும் எவனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்ற பொருளில் 1993இல் அவர் பேட்டியளித்தார். கிரீன்வுட்டோ, தான் இன்னான் என்பதைக் கண்டுகொள்ளும் மகிழ்ச்சியான பாட்டு இது என்று சொல்லிவைத்தார். ஒரே குழுவுக்குள் இரண்டு பொருள். பாடுபவனைப் பாட்டே முழுதாக ஏற்கவில்லை என்ற மேற்சொன்ன வாசிப்பு இந்த முரணை விளக்கும்: குரலின் பக்கம் நின்றால் அவன் பாதிக்கப்பட்டவன், கிடாரின் பக்கம் நின்றால் அவன் மீது எரிச்சல் வரும். பதிவு எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுதவில்லை.

டெல் அவிவும் சான் பிரான்சிஸ்கோவும்

இனி இரண்டாம் கேள்வி. ஒலியில் இருக்கும் இந்தச் சண்டை காதில் விழ வேண்டுமானால் பாட்டு திரும்பத் திரும்ப ஒலிக்க வேண்டும். 1992இன் பிரிட்டனில் அதற்கு இருந்த பெருவாசல் ரேடியோ 1. அது மூடிக்கொண்டது.

திறந்தது எதிர்பாராத இடத்தில். இஸ்ரேல் ராணுவ வானொலியில் செல்வாக்குள்ள இசைத் தொகுப்பாளராக இருந்த யோவாவ் குட்னர் ‘கிரீப்’பை அடிக்கடி ஒலிபரப்பினார், பாட்டு அங்கே பெரும் வெற்றியானது. 1993இல் குழு டெல் அவிவில் நிகழ்ச்சி நடத்தியது. சொந்த ஊரில் யாரும் சட்டைசெய்யாத இளைஞர்கள் அங்கே நட்சத்திரங்களாக வரவேற்கப்பட்டார்கள். நியூசிலாந்து, ஸ்பெயின், ஸ்காண்டிநேவிய நாடுகள் ஆகியவற்றிலும் பாட்டு பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவின் ‘லைவ் 105’ நிலையம் அதைத் தன் பட்டியலில் சேர்க்க, மேற்குக் கடற்கரையின் பிற நிலையங்களும் பின்தொடர்ந்தன. பாடலில் உள்ள வசைச்சொல்லை நீக்கிய வடிவம் வானொலிக்கென்று தயாரானது. பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலில் 2ஆம் இடம், பொதுப் பட்டியலில் 34ஆம் இடம். எம்.டி.வி. அதைக் கையிலெடுத்தது. அதன்பிறகே இ.எம்.ஐ. பிரிட்டனில் மறுவெளியீடு செய்தது.

இந்த வழித்தடம் ஒன்றைக் காட்டுகிறது. தேசிய நிலையம் ஒன்றின் தேர்வுக்குழு ‘மனநிலை’யைக் கேட்டு மறுத்தது, தனி மனிதர் ரசனைக்கு இடம் தந்த நிலையங்கள் ‘ஒலி’யைக் கேட்டு ஏற்றன. இது ஊகம்தான், ஆனால் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாடுகளில் பாட்டு முந்திக்கொண்டு வென்றது இந்த ஊகத்துக்கு வலுச்சேர்க்கிறது. 1995இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் வென்ற, திரான் ஆன் ஹுங் இயக்கிய வியட்நாம் படம் ‘சைக்ளோ’ இதற்கு நல்ல துணைச்சான்று. ஹோ சி மின் நகரத்தின் இரவு விடுதிக் காட்சியில் ‘கிரீப்’ ஒலிக்கிறது. அந்தக் கூட்டத்துக்கும் எக்ஸெட்டர் மாணவனின் காதல் ஏக்கத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்தக் காட்சிக்குத் தேவைப்பட்டது கிடாரின் வன்முறை. பதினைந்து ஆண்டுக்குப் பின் அதே இயக்குநரின் ‘நார்வீஜியன் வுட்’ படத்துக்கு இசையமைத்தவர் ஜானி கிரீன்வுட்.

வெற்றி என்னும் சுமை

வெற்றி குழுவை நசுக்கியது. 1993 முழுக்க ஒரே பாட்டைக் கேட்க வரும் கூட்டங்களுக்காக ஊர் ஊராக அலைந்தார்கள். பாட்டு முடிந்ததும் எழுந்து போனவர்கள் உண்டு. 1994இல் வெளியான ‘மை அயர்ன் லங்’ பாடலின் தலைப்பு, மூச்சுவிட முடியாத நோயாளியை உயிரோடு வைத்திருக்கும் இரும்புக் கூண்டைக் குறிப்பது. உயிர்காப்பதும் அதுவே, சிறையும் அதுவே. ‘கிரீப்’பைத்தான் சொல்கிறார்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. 1995இல் ‘தி பெண்ட்ஸ்’, 1997இல் ‘ஓகே கம்ப்யூட்டர்’ தொகுப்புகள் வந்தபின் ஒற்றைப் பாட்டுக் குழு என்ற பெயர் நீங்கியது. அதற்குப்பின் அதை மேடையில் வாசிப்பதைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள்.

திரும்பி வந்த விதம் குறிப்பிடத்தக்கது. 2001 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டின் சவுத் பார்க்கில் நடந்த பெருநிகழ்ச்சியின் முடிவில் கீபோர்டு பழுதாகி வேறொரு பாடல் நின்றுபோக, அதன் இடத்தில் ‘கிரீப்’பை வாசித்தார்கள். 2009இல் ரெடிங் விழாவை அதைக்கொண்டே தொடங்கினார்கள். பிறகு 2016இல் பாரிசில். தனிமையைப் பாடும் பாட்டைப் பல்லாயிரம் பேர் ஒரே குரலில் பாடும் முரண் அந்த ஒளிப்பதிவுகளில் தெளிவாகக் கேட்கிறது.

பிறர் குரலில்

மற்றவர்கள் பாடிய வடிவங்கள், இக்கட்டுரையின் வாதத்துக்குக் கிடைத்த இயற்கையான சோதனைக்கூடம். பெல்ஜியத்தின் ஸ்காலா அண்ட் கொலாக்னி பிரதர்ஸ் பெண்கள் குழுவினர் பியானோவோடு சேர்ந்து பாடிய வடிவம், 2010இல் டேவிட் ஃபின்ச்சரின் ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்தின் முன்னோட்டத்தில் இடம்பெற்று உலகெங்கும் பரவியது. அதில் வெட்டொலி இல்லை. குறுக்கிட ஆளில்லாததால் தன்னிரக்கம் புனிதமாகிவிடுகிறது. தேவாலயத்தில் கேட்பதுபோல் அழகாக இருக்கிறது, ஆனால் ஆபத்து அகன்றுவிட்டது. ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’ படத்தின் மூன்றாம் பாகம் 2023இல் யார்க்கின் கிடாரும் குரலும் மட்டுமுள்ள வடிவத்தோடு தொடங்கியபோதும் அப்படித்தான்: திரையில் நடந்து போகும் ரக்கூனுக்காக மனம் கசிகிறது, எரிச்சல் எழவே இல்லை.

அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் எதிர்த்திசையில் போனார். 2008 கோச்செல்லா விழாவில் ஏறத்தாழ எட்டு நிமிடம் அதை வாசித்து, கிடாரை நீண்ட தனி ஆவர்த்தனமாக்கினார். தாழ்வுணர்ச்சி என்றால் என்னவென்றே அறியாத ஒரு மேதையின் வித்தை அது. இணையத்தில் பரவிய அதன் ஒளிப்பதிவுகளை அவர் தரப்பு நீக்கச் செய்தபோது, பாட்டு எங்களுடையது, தடையை எடுக்கச் சொல்லுங்கள் என்று யார்க் கேட்டார். வெறுத்து ஒதுக்கியதாகச் சொல்லப்பட்ட பாட்டுக்கு அவர் உரிமை கொண்டாடிய அரிய தருணம்.

2021இல் யார்க்கே தம் பழைய பதிவொன்றை இழுத்து நீட்டி, ஒன்பது நிமிட அளவில் புதுவடிவம் வெளியிட்டார். வேகம் குறைந்து, குரல் தொய்ந்து, சொற்கள் கரைந்து ஒலிக்கும் அதில் முதுமையின் அச்சம் உண்டு. கிரீன்வுட்டின் அடி இல்லை. இந்த வடிவங்கள் ஒவ்வொன்றும் 1992 பதிவின் ஒரு பாதியை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன: சிலவற்றில் அழுகை, சிலவற்றில் வீரியம். இரண்டையும் மோதவிட்ட சிப்பிங் நார்ட்டன் பதிவை, யார்க்கின் சொந்த மறுவடிவம் உட்பட, எதுவும் தாண்டவில்லை.